தங்கச் சுரங்கப் பங்கை எடைபோடுவது எப்படி? சிறு முதலீட்டாளருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2011 செப்டம்பரில் ஒரு அவுன்ஸ் தங்கம் 1,900 டாலரைத் தொட்டது. பெரிய தங்கச் சுரங்கக் கம்பெனிகளை ஒரே கூடையில் வைத்திருக்கும் ஜி.டி.எக்ஸ் என்ற இ.டி.எஃப் அப்போது 66 டாலர் அருகே இருந்தது. 2020 ஆகஸ்டில் தங்கம் 2,000 டாலரைத் தாண்டிப் புது உச்சம் கண்டது, ஜி.டி.எக்ஸ் 45 டாலர் பக்கம் போய்த் திரும்பிவிட்டது. பழைய 66ஐ அது தாண்டியது 2025 செப்டம்பரில்தான். அதற்குள் தங்கம் 3,500 டாலருக்கு மேல் போய்விட்டது. தங்கத்தைப் பற்றிச் சரியாகக் கணித்துவிட்டு, சுரங்கப் பங்கை வாங்கி 14 வருடம் காத்திருந்தவர்கள் இருக்கிறார்கள்.

சுரங்கப் பங்கு பற்றி முதலீட்டாளர்கள் கூடிப் பேசும்போது பேச்சில் பாதி தங்கம் எங்கே போகும் என்பதிலேயே கழிந்துவிடுகிறது. வட்டி, போர், டாலர், மத்திய வங்கிகள் என்று சுற்றிச் சுற்றி வரும். கேட்கச் சுவாரசியமாகத்தான் இருக்கும். ஆனால் அதைக் கேட்டுக் கையில் இருக்கும் பங்கைப் பற்றி ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. ஒரு பங்குக்கு எத்தனை அவுன்ஸ், அதைத் தோண்டி எடுக்க எவ்வளவு செலவு, எடுத்த பிறகு பங்குதாரருக்கு என்ன மிஞ்சும் என்று பார்ப்பதுதான் இங்கே வேலை. இந்த வழிகாட்டியில், பேச்சில் அடிக்கடி காதில் விழும் ஒவ்வொரு வாதத்தையும் எடுத்து, அதை எப்படிச் சோதிப்பது என்று பார்ப்போம். தேவையான ஆவணங்கள் எல்லாம் இலவசம். கனடா கம்பெனிகளுடையவை செடார் பிளஸ் தளத்திலும், அமெரிக்காவில் பட்டியலிட்டவை எட்கார் தளத்திலும், ஆஸ்திரேலியாவுடையவை அந்தப் பங்குச் சந்தையின் தளத்திலும் கிடைக்கும்.

படி 1: "தங்கம் 10 சதவீதம் ஏறினால் பங்கு 40 சதவீதம் ஏறும்"

இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. பாதி உண்மை. தங்கம் 2,000 டாலர், ஒரு அவுன்ஸ் எடுக்கச் செலவு 1,500 டாலர் என்றால் மிச்சம் 500. தங்கம் 10 சதவீதம் ஏறி 2,200 ஆனால் மிச்சம் 700. அதாவது லாபம் 40 சதவீதம் கூடுகிறது. இறங்கினாலும் இதே கணக்குதான்: 1,800 ஆனால் மிச்சம் 300, லாபத்தில் 40 சதவீதம் காலி.

விடுபடுவது செலவு. தங்கம் ஏறும் காலத்தில் டீசலும் எஃகும் சயனைடும் கூலியும் பெரும்பாலும் சேர்ந்தே ஏறும். மேலே சொன்ன கம்பெனியின் செலவும் 10 சதவீதம் ஏறி 1,650 ஆகிவிட்டால் மிச்சம் 550. வெறும் 10 சதவீதம்தான் கூடியிருக்கிறது. தங்கத்தையே வாங்கி வைத்திருந்தால் அதே லாபம், நிம்மதியான தூக்கம் வேறு. 2024 அக்டோபரில் தங்கம் வரலாற்று உச்சத்தை ஒட்டி இருந்தபோதே, செலவு எதிர்பார்த்ததைவிட அதிகம் என்று காலாண்டு முடிவு காட்டியதால், உலகின் மிகப் பெரிய தங்கச் சுரங்கக் கம்பெனியான நியூமாண்டின் பங்கு ஒரே நாளில் 15 சதவீதம் அளவுக்கு விழுந்தது.

தங்கம் கொஞ்சம் அசைந்தாலும் லாபம் பல மடங்கு அசையும் இந்த நெம்புகோல், இறங்கும்போது எப்படி வேலை செய்யும் என்பதற்கு 2011 முதல் 2016 வரையான காலம் பாடம். தங்கம் 1,900லிருந்து 1,050 வரை வந்தது. 45 சதவீத வீழ்ச்சி. அதே காலத்தில் ஹெட்ஜ் செய்யாத, அதாவது வருங்கால உற்பத்தியை முன்கூட்டியே ஒரு விலைக்கு விற்றுவைக்காத, சுரங்கக் கம்பெனிகளின் பங்குகளைக் கொண்ட எச்.யு.ஐ குறியீடு 600க்கு மேலிருந்து 100 அருகே வந்து விழுந்தது.

படி 2: கம்பெனி எந்த நிலையில் இருக்கிறது?

"தங்கப் பங்கு" என்று ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே நாலு சாதி. தோண்டிக்கொண்டிருக்கும் உற்பத்தியாளர், இடம் கண்டுபிடித்து, சுரங்கம் கட்டப் பணம் தேடிக்கொண்டிருப்பவர், வெறும் நிலத்தில் துளை போட்டுத் தேடிக்கொண்டிருப்பவர், அப்புறம் சுரங்கம் எதுவும் நடத்தாமல், மற்றவர் சுரங்கத்துக்கு முன்பணம் கொடுத்து விளைச்சலில் பங்கு வாங்கும் ராயல்டி கம்பெனி. ஃபிராங்கோ நெவாடா, வீட்டன், ராயல் கோல்டு ஆகியவை கடைசி வகை. செலவு ஏறினாலும் ராயல்டிக்காரருக்குப் பெரிய பாதிப்பு இல்லை என்பதால் சந்தை அவர்களுக்கு எப்போதும் கூடுதல் விலை கொடுக்கும். அதற்காக ஆபத்தே இல்லை என்று நினைக்க வேண்டாம். 2023 நவம்பரில் பனாமா உச்ச நீதிமன்றம் கோப்ரே பனாமா செம்புச் சுரங்கத்தின் ஒப்பந்தம் செல்லாது என்றதும், ஃபிராங்கோ நெவாடாவின் மிகப் பெரிய வருமான ஊற்று நின்றுபோனது.

வகை தெரியாமல் விலையை ஒப்பிட்டால் எல்லாமே தப்பாகும். உற்பத்தியாளரைப் பணவரவை வைத்து எடைபோடலாம். தேடிக்கொண்டிருப்பவரிடம் பணவரவே இருக்காது. அவருடைய தொழிலே பங்கு விற்றுத் துளை போடுவதுதான்.

படி 3: "இவர்களிடம் 50 லட்சம் அவுன்ஸ் இருக்கிறது"

யார் இப்படிச் சொன்னாலும் உடனே கேட்க வேண்டிய கேள்வி: வளமா, இருப்பா? இரண்டும் வேறு வேறு. வளம் என்பது தரைக்கு அடியில் இருப்பதாக மதிப்பிட்டது. இதில் இன்ஃபர்டு, இண்டிகேட்டட், மெஷர்டு என்று மூன்று தரம். இன்ஃபர்டு என்றால் துளைகள் தள்ளித் தள்ளி இருக்கின்றன, நடுவில் இருப்பது ஊகம் என்று அர்த்தம். இருப்பு என்பது, தோண்டும் திட்டமும் செலவுக் கணக்கும் போட்டுப் பார்த்து, இன்ன விலையில் லாபமாக எடுக்க முடியும் என்று காட்டிய பகுதி. அதில் ப்ராபபிள், ப்ரூவன் என்று இரண்டு. 50 லட்சத்தில் 40 லட்சம் இன்ஃபர்டு என்றால், உங்களிடம் இருப்பது பெரும்பாலும் ஒரு நம்பிக்கை.

இந்த விதிகளின் பின்னால் ஒரு கதை இருக்கிறது. கனடாவின் பிரி எக்ஸ் கம்பெனி, இந்தோனேசியாவின் புசாங்கில் உலகமே காணாத தங்கம் கிடைத்ததாக அறிவித்தது. சந்தை மதிப்பு 600 கோடி கனடா டாலரைத் தாண்டியது. 1997ல் பங்காளியாக வரவிருந்த ஃப்ரீபோர்ட் மெக்மோரான் தானே துளை போட்டுப் பார்த்தபோது சொல்லும்படியாகத் தங்கம் எதுவும் இல்லை. மாதிரிகளில் வெளியிலிருந்து தங்கத்தூளைக் கலந்திருக்கிறார்கள். வழக்கமாக டிரில்லில் வரும் பாறைத் தண்டை நீளவாக்கில் அறுத்து, பாதியைச் சோதனைக்கு அனுப்பி, மீதிப் பாதியைப் பெட்டியில் வைப்பார்கள், பிறகு சரிபார்க்க. பிரி எக்ஸ் முழுத் தண்டையும் நொறுக்கி அனுப்பியது. சரிபார்க்க எதுவும் மிஞ்சவில்லை. இதற்குப் பிறகுதான், 2001ல், கனடா என்.ஐ 43-101 என்ற அறிக்கை விதியைக் கொண்டுவந்தது. ஆஸ்திரேலியாவில் ஜோர்க் விதித்தொகுப்பு 1989 முதலே இருக்கிறது.

ஆனால் விதி மோசடியைத்தான் கடினமாக்கும். தப்பான மதிப்பீட்டைத் தடுக்காது. கனடாவின் ரெட் லேக் பகுதியில் ரூபிகான் மினரல்ஸ், முழுச் சாத்தியக்கூறு ஆய்வு செய்யாமலே ஆலையைக் கட்டி முடித்தது. உள்ளே போய்த் தோண்டிப் பார்த்தால் கணித்தபடி தாது தொடர்ச்சியாக இல்லை. 2016 ஜனவரியில் வெளியிட்ட புது மதிப்பீட்டில் பழைய அவுன்ஸில் சுமார் பத்தில் ஒன்பது பங்கு காணாமல் போயிருந்தது. அங்கங்கே கட்டி கட்டியாகத் தங்கம் கிடக்கும் படிவங்களில் இந்த ஆபத்து அதிகம்.

தரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. டன்னுக்கு எத்தனை கிராம் என்பது முக்கியம்தான். அதை மட்டும் பார்த்து மயங்கக் கூடாது. ஆஸ்திரேலியாவின் ஃபாஸ்டர்வில் சுரங்கம் 2019ல் டன்னுக்கு 39 கிராமுக்கு மேல் தோண்டி 6 லட்சம் அவுன்ஸுக்கும் அதிகமாக எடுத்தது. அப்படிப்பட்ட இடம் தலைமுறைக்கு ஒன்று கிடைத்தால் பெரிது. அதே சமயம் கனடாவின் டீட்டூர் லேக் திறந்தவெளிச் சுரங்கத்தில் டன்னுக்கு ஒரு கிராம்கூட இல்லை. அதுவும் ஆண்டுக்கு 6 லட்சம் அவுன்ஸுக்கு மேல் தருகிறது. பரப்பும் இயந்திரமும் பெரிதாக இருந்தால் மெலிந்த தாதும் லாபம் தரும். கூடவே மீட்பு விகிதத்தையும், அதாவது தாதில் உள்ள தங்கத்தில் எவ்வளவு கைக்கு வரும் என்பதையும், பாருங்கள். அரைத்துச் சயனைடு தொட்டியில் கரைத்தால் 90 சதவீதத்துக்கு மேல் கிடைக்கும். தாதைக் குவியலாகக் கொட்டி மேலே கரைசலைத் தெளிக்கும் குவியல் முறை மலிவு. ஆனால் பல இடங்களில் 50 முதல் 75 சதவீதம்தான் கைக்கு வரும். கந்தகத் தாதுக்குள் தங்கம் பூட்டிக் கிடந்தால் முதலில் வறுக்கவோ அழுத்தக் கலனில் போட்டு வேகவைக்கவோ வேண்டும். அதற்கான செலவே தனி.

படி 4: டிரில் முடிவு அறிக்கையைப் படிப்பது

இந்தப் படியில் கொஞ்சம் நிதானமாக உட்கார வேண்டும். சிறு கம்பெனிகளின் பங்கு தாவிக் குதிப்பது பெரும்பாலும் இந்த அறிக்கைகளால்தான். நான் முதன்முதலில் கையைச் சுட்டுக்கொண்டதும் இதில்தான். அறிக்கையின் தலைப்பு ஏறத்தாழ இப்படி இருந்தது: "40 மீட்டருக்கு டன்னுக்கு 2.5 கிராம், அதில் 1 மீட்டருக்கு 92 கிராம்." படித்ததும் நெஞ்சு படபடத்தது. 40 மீட்டர் தடிமனில் 2.5 கிராம் என்றால் அருமையான படிவம் அல்லவா? அன்று மாலையே வாங்கிவிட்டேன்.

கணக்குப் போட்டது ஒரு வாரம் கழித்து. 40 மீட்டரை 2.5ஆல் பெருக்கினால் 100. அந்த ஒரு மீட்டரின் பங்கு 92. மீதி 39 மீட்டருக்கு வெறும் 8. வகுத்தால் டன்னுக்கு 0.2 கிராம்; பெரும்பாலான இடங்களில் கழிவுப் பாறைக்குச் சமம். 40 மீட்டர் படிவம் என்று நான் நினைத்தது, ஒரு மீட்டர் அகலமுள்ள ஒரு நரம்பும் அதைச் சுற்றி 39 மீட்டர் கல்லும்தான். அறிக்கையில் பொய் ஒன்றுமே இல்லை. எல்லா எண்ணும் சரி. நான்தான் கழித்துப் பார்க்கவில்லை.

அதனால் "அதில்" என்ற சொல் வரும் இடத்தில் எல்லாம் பென்சிலை எடுங்கள். பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழித்து, மிச்சம் தனியாக நிற்கிறதா என்று பாருங்கள். அடுத்து, கொடுத்திருப்பது உண்மையான தடிமனா, துளையின் நீளமா? தாது நரம்பு சாய்வாக ஓடும்போது துளையும் கிட்டத்தட்ட அதே சாய்வில் இறங்கினால் 3 மீட்டர் நரம்பு 15 மீட்டராகத் தெரியும். அறிக்கையின் அடிக்குறிப்பில் "உண்மைத் தடிமன் தெரியவில்லை" என்று பொடி எழுத்தில் இருக்கும். எத்தனை மீட்டர் ஆழத்தில் கிடைத்தது என்பதும் முக்கியம். 600 மீட்டர் கீழே 1.5 கிராம் கிடைத்தால் அதைத் திறந்தவெளியில் தோண்ட முடியாது, நிலத்தடியில் தோண்டினால் பெரும்பாலும் கட்டுப்படியாகாது. கடைசியாக, மொத்தம் எத்தனை துளை போட்டார்கள், எத்தனைக்கு முடிவு வெளியிட்டார்கள்? 12 துளையில் மூன்றை மட்டும் தலைப்பில் போட்டால் மீதி ஒன்பதையும் அட்டவணையில் தேடுங்கள்.

படி 5: "செலவு 1,300 டாலர்தான்"

2013ல் உலகத் தங்கக் கவுன்சில் ஏ.ஐ.எஸ்.சி (ஆல்-இன் சஸ்டெய்னிங் காஸ்ட்) என்ற செலவு அளவுகோலைக் கொண்டுவந்தது. அதற்கு முன் "ரொக்கச் செலவு" என்ற ஒன்றைச் சொல்லி, அவுன்ஸுக்கு 600 டாலர் என்பார்கள். ஆண்டு முடிவில் பணப்பெட்டியைப் பார்த்தால் காலி. ஏ.ஐ.எஸ்.சி அதைவிட நேர்மையானது. சுரங்கத்தைத் தொடர்ந்து நடத்தத் தேவையான மூலதனச் செலவு, தலைமையகச் செலவு எல்லாம் அதில் சேரும்.

சேராதவையும் உண்டு: வருமான வரி, கடன் வட்டி, புதுச் சுரங்கம் கட்டும் செலவு. இது தவிர, செம்பும் வெள்ளியும் கூடவே கிடைக்கும் சுரங்கத்தில் அவற்றின் வருமானத்தைச் செலவிலிருந்து கழித்துக் காட்டுவார்கள். செம்பு விலை சரிந்தால் "தங்கச் செலவு" திடீரென ஏறும். அதனால் நான் ஏ.ஐ.எஸ்.சியைப் படித்துவிட்டு நேரே பணவரவு அறிக்கைக்குப் போவேன். தொழிலிலிருந்து வந்த பணம், அதில் மூலதனச் செலவு போக மிச்சம். இந்த ஒரு வரி மூன்று வருடமாக எதிர்மறையாக இருந்தால், செலவு எவ்வளவு குறைவு என்று அட்டவணை சொன்னாலும் நான் நம்புவதில்லை.

இன்னொரு நுணுக்கம். தங்கம் ஏறும்போது நல்ல நிர்வாகம் மெலிந்த தாதையும் தோண்டத் தொடங்கும், சுரங்கத்தின் ஆயுள் கூடட்டும் என்று. அதனால் சராசரித் தரம் குறைந்து செலவு ஏறித் தெரியும். அது கெட்ட செய்தி இல்லை. மாறாக, காலாண்டு முடிவு பளபளக்க வேண்டும் என்று நல்ல தாதை மட்டும் பொறுக்கித் தோண்டும் நிர்வாகங்களும் உண்டு. தோண்டும் தாதின் தரம், மொத்த இருப்பினுடைய சராசரித் தரத்தைவிடத் தொடர்ந்து அதிகமாக இருந்தால் அங்கே ஏதோ நடக்கிறது என்று அர்த்தம்.

இருப்பைக் கணக்கிட என்ன தங்க விலையை எடுத்தார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நியூமாண்ட் 2023 ஆண்டு முடிவுக்கு 1,400 டாலரையும் 2024க்கு 1,700 டாலரையும் எடுத்தது. விலையை ஏற்றிப் போட்டாலே காகிதத்தில் அவுன்ஸ் கூடும், ஒரு துளைகூடப் போடாமல்.

படி 6: பங்கு எண்ணிக்கை

எல்லாரும் பங்கின் விலையைப் பார்க்கிறார்கள். எத்தனை பங்கு இருக்கிறது என்று பார்ப்பவர் குறைவு. "முன்பு 5 டாலருக்குப் போனது, இப்போது 1 டாலர், ஐந்து மடங்கு வாய்ப்பு" என்பார்கள். அன்று 8 கோடிப் பங்கு, இன்று 40 கோடி என்றால் மொத்தக் கம்பெனியின் விலை அன்றும் இன்றும் ஒன்றேதான். பழைய 5 டாலரை எட்ட வேண்டுமானால் கம்பெனி ஐந்து மடங்கு பெரிதாக வேண்டும்.

ஐந்து வருட ஆண்டறிக்கையை எடுத்து ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள்: ஆண்டு, மொத்தப் பங்கு, இருப்பு அவுன்ஸ். நாலாவது பத்தியில், ஆயிரம் பங்குக்கு எத்தனை அவுன்ஸ். கம்பெனி வளர்கிறது என்று நிர்வாகம் மார்தட்டும்; நாலாவது பத்தி மட்டும் வருடாவருடம் தேயும். வாரண்ட் (பின்னாளில் குறித்த விலைக்குப் புதுப் பங்கு வாங்கும் உரிமை), ஆப்ஷன், பங்காக மாற்றத்தக்க கடன் பத்திரம் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். நான் சொன்ன அந்த 92 கிராம் கம்பெனி, முடிவு வந்து பங்கு ஏறிய மூன்றாவது வாரம், சந்தை விலையைவிடக் குறைவாகப் புதுப் பங்கு விற்றது. ஒவ்வொரு பங்குடனும் பாதி வாரண்ட் இனாம். வாங்கியவர்கள் பங்கை விற்று வாரண்டை மட்டும் வைத்துக்கொண்டார்கள். பங்கு விலை வாரண்டில் குறித்த விலையைத் தொடும்போதெல்லாம் விற்பனை வந்து அமுக்கியது.

பெரியவர்களும் இதற்கு விலக்கல்ல. 2010ல் கின்ராஸ் என்ற பெரிய சுரங்கக் கம்பெனி, மொரிட்டானியாவின் டாசியாஸ்ட் சுரங்கத்துக்காக ரெட் பேக் கம்பெனியை 710 கோடி டாலருக்கு வாங்கியது. கொடுத்ததில் மிகப் பெரும் பகுதி புதுப் பங்குகள். அடுத்த சில ஆண்டுகளில் பல நூறு கோடி டாலரைக் கணக்கிலிருந்து எழுதித் தள்ள வேண்டியிருந்தது. தங்கம் உச்சத்தில் இருக்கும்போது நடக்கும் இணைப்புச் செய்திகளைக் கேட்டால் எனக்குக் கொஞ்சம் வயிற்றைக் கலக்கும்.

படி 7: ஒரு சுரங்கத்துக்கு விலை போட்டுப் பார்ப்போம்

இன்னும் கட்டாத ஒரு கற்பனைச் சுரங்கம். ஆண்டுக்கு 12 லட்சம் டன், டன்னுக்கு 2 கிராம், மீட்பு 90 சதவீதம். பெருக்கினால் 21,60,000 கிராம். ஒரு டிராய் அவுன்ஸ் 31.1 கிராம் என்பதால் சுமார் 69,450 அவுன்ஸ். ஆயுள் 10 வருடம். தங்கம் 2,500 டாலர், செலவு 1,600 டாலர் என்று வைத்தால் அவுன்ஸுக்கு 900 மிச்சம், ஆண்டுக்கு 6.25 கோடி டாலர். 30 சதவீத வரி போனால் 4.38 கோடி. கட்டுமானச் செலவு 20 கோடி.

எதிர்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவரத் தங்கத் தொழிலில் வழக்கமாக 5 சதவீதத் தள்ளுபடி எடுப்பார்கள். பத்து வருட 4.38 கோடியின் இன்றைய மதிப்பு 33.8 கோடி. கட்டுமானம் 20 கோடி போக 13.8 கோடி டாலர். கட்டி முடிக்கும் வரை ஆகும் தாமதத்தை எளிமைக்காக விட்டுவிட்டேன். கம்பெனிக்கு 10 கோடிப் பங்கு என்றால் பங்குக்கு 1.38 டாலர். சந்தையில் 0.50 டாலருக்குக் கிடைக்கிறது. "மூன்றில் ஒரு விலைக்குக் கிடைக்கிறது!" என்று பேச்சு கிளம்பும் இடம் இதுதான்.

இனி ஒவ்வொரு எண்ணாக ஆட்டிப் பாருங்கள். தள்ளுபடியை 10 சதவீதமாக்கினால் மதிப்பு 6.9 கோடி, சரிபாதி. கட்டுமானச் செலவு 30 சதவீதம் எகிறினால் 7.8 கோடி. தங்கம் 2,500லிருந்து 2,200க்கு வந்தால், அதாவது வெறும் 12 சதவீதம் இறங்கினால், மதிப்பு 2.5 கோடி! ஐந்தில் நாலு பங்குக்கு மேல் ஆவி.

கட்டுமானச் செலவு 30 சதவீதம் எகிறுவது மிகையா? சிலி, அர்ஜென்டினா எல்லையில் பாரிக் என்ற பெரிய சுரங்கக் கம்பெனியின் பாஸ்குவா லாமா திட்டத்துக்கு 2009ல் 300 கோடி டாலர் வரை ஆகும் என்றார்கள். அது 850 கோடி வரை ஏறி, 2013ல் வேலை நின்றது. ஒரு அவுன்ஸ்கூட வெளியே வரவில்லை.

அந்த 20 கோடி எங்கிருந்து வரும் என்பது அடுத்த கேள்வி. பாதி கடன், பாதி பங்கு விற்பனை என்று வைப்போம். 0.50 டாலருக்கு 10 கோடி டாலர் திரட்ட 20 கோடிப் புதுப் பங்கு வேண்டும். மொத்தம் 30 கோடிப் பங்கு. மதிப்பு 13.8 கோடியும் திரட்டிய 10 கோடியும் சேர்ந்து 23.8 கோடி, பங்குக்கு 0.79 டாலர். 1.38 எங்கே, 0.79 எங்கே. அதுவும் எல்லாம் திட்டப்படி நடந்தால். சந்தை 0.50க்கு விலை போட்டிருப்பது முட்டாள்தனம் இல்லை என்று இப்போது புரியும்.

இதே காரணத்தால்தான் "தரையில் இருக்கும் அவுன்ஸுக்குச் சந்தை 30 டாலர்தான் கொடுக்கிறது" என்ற வாதமும் தனியாக நிற்காது. சாலை, மின்சாரம், தண்ணீர், அனுமதி எதுவும் இல்லாத மலையில் கிடக்கும் இன்ஃபர்டு அவுன்ஸுக்கு 30 டாலரும் அதிகமாக இருக்கலாம்.

படி 8: நாடும் மலையும்

சுரங்கத்தை இடம் மாற்ற முடியாது. அரசாங்கங்களுக்கு இது நன்றாகத் தெரியும். கிர்கிஸ்தான் 2021ல் கும்தோர் சுரங்கத்தின் கட்டுப்பாட்டைச் சென்டெரா கம்பெனியிடமிருந்து எடுத்துக்கொண்டது. மாலி 2023ல் புதுச் சுரங்கச் சட்டம் கொண்டுவந்தது. அதையொட்டிய தகராறில் பாரிக்கின் லூலோ கவுன்கோடோ சுரங்கம் 2025 ஜனவரியில் நின்று, நவம்பரில்தான் சமரசம் ஏற்பட்டது. தங்கம் புது உச்சங்களைத் தொட்ட வருடம் அது. விலை ஏறும்போதுதான் இந்தத் தகராறும் வரும்.

நல்ல நாட்டில் இருந்தால் போதும் என்றும் இல்லை. 2024 பிப்ரவரியில் துருக்கியின் சோப்ளர் சுரங்கத்தில் தாதுக் குவியல் சரிந்து ஒன்பது தொழிலாளர்கள் புதைந்து இறந்தார்கள். அதை நடத்திய எஸ்.எஸ்.ஆர் மைனிங்கின் பங்கு ஒரே நாளில் பாதிக்கு மேல் விழுந்தது. அதே வருடம் ஜூனில், கனடாவின் யூகானில் விக்டோரியா கோல்டின் ஈகிள் சுரங்கத்திலும் குவியல் சரிந்தது. இரண்டு மாதத்துக்குள் நீதிமன்றம், கம்பெனியின் சொத்துகளைப் பொறுப்பேற்க ரிசீவரை நியமித்தது. பங்குதாரர் கையில் ஒன்றுமில்லை. அந்தக் கம்பெனிக்கு இருந்தது அந்த ஒரே சுரங்கம்தான். ஒற்றைச் சுரங்கக் கம்பெனியில், அதுவும் குவியல் முறையில் இயங்குவதில், எவ்வளவு மலிவாக இருந்தாலும் நான் சின்னத் தொகைக்கு மேல் போடுவதில்லை.

படி 9: கடனும் ஹெட்ஜும்

சுருக்கமாகவே சொல்லலாம். கடன் எப்போது திரும்பக் கட்ட வேண்டும், வருங்கால உற்பத்தியில் எவ்வளவை முன்கூட்டியே ஒரு விலைக்கு விற்றுவைத்திருக்கிறார்கள் என்று நிதிக் குறிப்புகளில் பாருங்கள். 1999 செப்டம்பரில் ஐரோப்பிய மத்திய வங்கிகள் தங்க விற்பனைக்கு உச்சவரம்பு அறிவித்ததும் தங்கம் சில நாளில் 265 டாலரிலிருந்து 320க்கு மேல் பாய்ந்தது. கானாவின் அஷாந்தி கோல்டுஃபீல்ட்ஸ், விலை இறங்கும் என்று ஏராளமாக ஹெட்ஜ் போட்டிருந்ததால், அந்த ஏற்றத்தாலேயே திவாலின் விளிம்புக்குப் போனது. தங்கம் ஏறி, தங்கச் சுரங்கம் முழுகப் பார்த்த கதை.

படி 10: பேசும்போது என்ன எழுதி வைப்பது

நாங்கள் மூன்று பேர் மாதம் ஒருமுறை பேசுவோம். எங்களுக்குள் ஒரு வழக்கம்: பங்கைப் பரிந்துரைப்பவர் அதை ஏன் வாங்கக் கூடாது என்றும் அவரே ஐந்து நிமிடம் பேச வேண்டும். தங்க விலை கணிப்பைக் காரணமாகச் சொல்லக் கூடாது. இன்றைய விலையிலும், அதைவிட 15 சதவீதம் குறைந்த விலையிலும் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும். முதல் வருடம் இது பெரிய தொல்லையாக இருந்தது. பரிந்துரைகள் பாதியாகக் குறைந்துபோயின.

வாங்குகிற அன்றே நோட்டில் நாலு வரி எழுதிவிடுகிறோம். எத்தனை பங்கு வெளியில் இருக்கிறது, இந்த வருடம் எத்தனை அவுன்ஸ் எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள், என்ன செலவில், எது நடந்தால் விற்போம். கடைசி வரி தெளிவாக இருக்க வேண்டும்: "இரண்டு காலாண்டு தொடர்ந்து இலக்கைத் தவறவிட்டால்", "பங்கு எண்ணிக்கை 15 சதவீதத்துக்கு மேல் கூடினால்" என்கிற மாதிரி. "நிலைமை மோசமானால்" என்று எழுதினால் எழுதாததற்குச் சமம். நிலைமை மோசமாகும் நாளில் அது மோசம் என்று மனசு ஒத்துக்கொள்ளாது.

காலாண்டு முடிவு வரும் காலையில் அறிக்கையின் முதல் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுங்கள். அங்கே "சாதனை", "உறுதியான", "வலுவான" எல்லாம் இருக்கும். நேரே பணவரவு அட்டவணை, அடுத்து மொத்தப் பங்கு எண்ணிக்கை, அப்புறம் தோண்டிய தரம். மூன்றையும் நோட்டில் இருக்கும் எண்களுக்குப் பக்கத்தில் எழுதிவிட்டு, பிறகு பங்கு விலையைத் திறந்து பாருங்கள்.